ஆறாவது நாயின் அழுகை

இடைவேளை முடிந்து இருபது நிமிடம் இருக்கும். கொட்டுகிற பனியில், வெறிச்சோடிய கூடாரத்துக்கு முன்னால் படுத்திருந்த ஆறாவது நாய் அழ ஆரம்பித்தது. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. லொள்ளக்காவுக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. ஏனென்றால் அது அவளுடைய அழுகை. படத்துக்காக அழுததுகூட இல்லை, புருஷன் செத்ததற்கு அழுதது.

"பாவம் அண்ணி, வாயில்லா ஜீவன் என்னமா அழுவுது பாருங்க!" என்று பக்கத்து சீட்டில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் செத்தபோது அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மகராசி இவள்தான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது!

லொள்ளக்கா என்பது டப்பிங் ஸ்டூடியோ வைத்த பெயர். கூட்டத்துக்குக் குரல் கொடுக்க வந்தவள் அவள். கல்யாண வீட்டுச் சலசலப்பு, சந்தை இரைச்சல், கைக்குழந்தை அழுகை, இதெல்லாம்தான் வேலை. ஒருநாள் வெளியூர்ப் படம் ஒன்று வந்தது. அதில் வசனமும் நாய்க் குரலும் ஒரே ஒலித்தடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வசனத்தை எடுத்தால் நாய் ஊமையாகிவிடும். என்ன செய்வதென்று எல்லாரும் தலையைச் சொறிந்தபோது, பின்னால் நின்றிருந்த இவள் சும்மா விளையாட்டுக்கு ஒரு குரை குரைத்தாள். அன்றிலிருந்து பதினைந்து வருஷமாக எந்தப் படத்தில் நாய் வந்தாலும் இவள்தான்.

அதிலும் பனியில் சிக்கிய, சறுக்கு வண்டி இழுக்கிற நாய்களின் படம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். எல்லாம் ஒரே அச்சுதான். புயல் வரும், மனுஷர்கள் விமானம் ஏறித் தப்பிப்பார்கள், ஒருவன் மட்டும் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "திரும்பி வருவேன்" என்பான். கடைசியில் வந்தும்விடுவான். குடும்பத்தோடு பார்க்கிற படமாயிற்றே, வராமல் போனால் குழந்தைகள் தியேட்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடாதா!

வண்டியின் எட்டு நாய்க்கும் எட்டுக் குரல் வைத்திருந்தாள். வண்டி இழுக்கும்போது ஈரத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மூச்சு விடுவாள். கிழட்டு நாய்க்கு வாயில் பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்துக்கொள்வாள். முடிந்து வெளியே வரும்போது ஏசி அறையிலும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருப்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைப் பதிபவன் இன்ஜினியர் தம்பி. உடன்பிறந்தவன் இல்லை. ஆனால் பத்து வருஷமாகத் தன் டிபன் கேரியரில் ஒரு அடுக்கு அவனுக்கென்று கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவளுக்குத் தூக்கம் வராது.

புருஷன் போய் இரண்டு மாதத்தில் பனிநாய்ப் படத்தின் முதல் பாகம் வந்தது. சாவு வீட்டில் வந்தவர்களுக்குப் பதில் சொல்லவும், மகளைத் தேற்றவும், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடவும் ஆளில்லை. எல்லாம் இவள் தலையில் விழுந்ததால் அழ நேரமே வாய்க்கவில்லை. ஸ்டூடியோவில் ஆறாவது நாய் பாதையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் காட்சி ஓடியபோது மனசு உடைந்துவிட்டது. மைக்கின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து, விக்கி விக்கி, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதாள். தம்பிதான் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தான்.

"ரெக்கார்டிங்கை அப்பவே நிறுத்திட்டேன்க்கா. நல்லா அழுதிடுங்க" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனைத் தெய்வமாக நினைத்தாள்.

இரண்டாம் பாகம் வந்தபோது அவளைக் கூப்பிடவில்லை. "இந்தத் தடவை நாய்ச் சத்தம் தனியாவே வந்திருச்சுக்கா" என்றான். நம்பினாள். அதில்தான் இப்போது தியேட்டரில் உட்கார்ந்து, சுருதி இறக்கிக் கொஞ்சம் கரகரப்புச் சேர்த்த தன் விக்கலைத் தானே கேட்டாள்.

மறுநாள் காலை ஸ்டூடியோ திறந்ததும் போய் நின்றாள். டிவிக்குப் போகும் பிரதியை அவன் தயார் செய்துகொண்டிருந்தான். கம்ப்யூட்டர் திரையில் கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் பெயர்: 'நாய் 6, அழுகை, நீளம், அருமை'.

"அழிச்சிட்டேன்னு சொன்னியேடா?"

"அழிச்சேன்னு சொல்லலைக்கா, நிறுத்திட்டேன்னுதான்..."

"அடப்பாவி! வக்கீல் மாதிரி பேசுறியே!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க எதையும் நிறுத்த மாட்டோம்க்கா, ஓடிட்டேதான் இருக்கும், தொழில் அப்படி. மிக்ஸிங்ல நாய் சத்தம் சப்புனு இருந்துச்சு, டைரக்டர் கத்தினார், கைக்கு இதுதான் கிடைச்சுது. ஊரே அழுதுக்கா. பெருமைப்பட வேண்டாமா?"

"என் வீட்டுக்காரர் செத்ததுக்கு நான் அழுததை நீ நாய்க்கு மாட்டி விட்டிருக்கே. இதுல எனக்கு என்னடா பெருமை? தியேட்டர்ல போனது போகட்டும். ஞாயித்துக்கிழமை டிவியில வரக் கூடாது. என் மக பார்ப்பா. அவளுக்கு அந்தக் குரல் தெரியும்."

அது மட்டும்தான் அவள் கேட்டது. கோர்ட், கேஸ் என்று எதுவும் இல்லை. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். "பிரதி நாலு மணிக்குக் கிளம்புதுக்கா. அதுக்குள்ள புதுசா ஒரு அழுகை கொடுத்துடுங்க, பழசைத் தூக்கிடறேன்" என்றான்.

உள்ளே போனாள். ஹெட்போனை மாட்டினாள். திரையில் நாய் படுத்திருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு ஊளையிட்டாள், முனகினாள். பதினைந்து வருஷத் தொழில், சோடை போகுமா? ஆனால் தம்பி உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவது முறை செய்தாள். மூன்றாவது முறை தொண்டை கிழிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

"நடிப்பு மாதிரி இருக்குக்கா. டைரக்டர் ஒத்துக்க மாட்டார்."

"நடிப்புதாண்டா. அதுக்குத்தானே என்னைக் கூப்பிடுறீங்க?"

ஹெட்போனில் அவன் குரல், பத்து வருஷம் சாப்பிட்ட வாயிலிருந்து, ரொம்ப மெதுவாக, ரொம்பப் பாசமாக வந்தது.

"அண்ணனை நினைச்சுக்கோங்கக்கா."

புருஷனை நினைத்தால் அழுகை வரும். இப்போதே தொண்டைக்குள் வந்து நின்றது. அதைக் கொடுத்தால் பழையதை மீட்டுவிடலாம். மீட்பதா? இன்னொன்றை இவன் கையில் கொடுத்துவிட்டா! அழுகையை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நினைச்சா வரும்டா" என்றாள் மைக்கில். "உன் முன்னால வராது."

வெளியே வந்து பஸ் பிடித்தாள். வீட்டுக்குப் போய் மகளை உட்கார வைத்து, அப்பாவுக்காக அம்மா அழுதது ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும் என்று தன் வாயாலேயே சொன்னாள். நாலு மணிக்குப் பிரதி கிளம்பியது, பழைய அழுகையோடு.