ஆவடியில் நிறைய வீடுகள் உண்டு

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவள், வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எழுதுவதே அதிகம். போன மாதம் அதோடு நிற்காமல் பாடப்புத்தகம் மாதிரி வேறு ஒன்று எழுதிவிட்டேன். மொத்தம் இரண்டு பக்கம். படிக்க ஒரே ஒரு ஆள், நாலாம் வகுப்பு தர்ஷினி. மன்னிப்பு அந்த இரண்டு பக்கத்துக்குத்தான்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் என் தையல் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஏழு வருஷம் ஆவடியில் இருந்ததை எழுதியதில்லை. ராணுவ வளாகத்தின் கேட்டுக்கு எதிரே ஒரு கடை. சிப்பாய்களின் சட்டைக்குப் பெயர்ப்பட்டை தைப்பது என் வேலை. எழுத என்ன இருக்கிறது அதில்?

தர்ஷினியின் அம்மா பூங்கொடி, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். கணவன் இல்லை. எஸ்டேட்டில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கான்ட்ராக்டர், ஆவடி ராணுவ வளாகத்துக்குள் கூட்டிப் பெருக்க ஆள் எடுத்தார். பூங்கொடி பெயர் கொடுத்தாள். எஸ்டேட் ஆட்களின் வீட்டு வரிசையான லைனில் இருந்த பெண்கள் அவளை 'மிலிட்டரிக்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

பிடிக்காதது தர்ஷினிக்குத்தான். துப்பாக்கி வைத்திருக்கிற ஊருக்கு வரமாட்டேன் என்று ஒரே அழுகை.

பூங்கொடி என் கடைக்கு வந்தாள். "ஏனுங்க்கா, நீங்கதான் பேப்பர்ல எழுதறீங்களே... இந்தப் புள்ளைக்கு அந்த ஊரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. படிச்சா பயம் போயிருமுங்க" என்றாள்.

எழுதச் சொல்லி ஒருவர் என்னைத் தேடி வருவது எத்தனை தடவை நடக்கும்? தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு எழுதினேன்.

'ஆவடி, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர். அங்கே ராணுவம் இருக்கிறது. அதைச் சுற்றி நீளமான மதில் சுவர். வாசலில் நிற்கும் மாமாக்கள் குழந்தைகளைப் பார்த்தால் சிரிப்பார்கள். ரோட்டோரம் டாங்க் என்ற இரும்பு வண்டி நிற்கும். அது சுடாது. அதன் மேல் காக்கா உட்காரும். நம்மூரைப் போல அங்கேயும் ஏரி உண்டு. மின்சார ரயில் அடிக்கடி வரும்.'

இப்படிப் போனது. அந்த மாமாக்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் நிஜம்.

தர்ஷினி விரலை வைத்துப் படித்தாள். காக்கா வந்த இடத்தில் சிரித்தாள். கடைசி வரி வரை போய்விட்டு நிமிர்ந்து, "பெரியம்மா, இதுல ஊடே இல்லீங்களே?" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தேன். 'ஆவடியில் நிறைய வீடுகள் உண்டு.'

பொய்யா? இல்லையே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் வேலை என்றால் லைன் வீடும் சேர்த்திதான். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பெயரை எழுதிக்கொண்டு சாவியைக் கொடுப்பார். வேலையை விட்டால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பூங்கொடி பிறந்தது லைனில். பிள்ளை பெற்றதும் லைனில். வேலை கொடுக்கிறவர் வீடு கொடுக்காமல் இருப்பார் என்பது அவள் கேள்விப்படாத விஷயம்.

அதனால்தான் அன்றைக்கு அவள் 'வீடு கொடுப்பார்களா' என்று கேட்கவில்லை. "ஊடு கேட்டுக்கு உள்ளார குடுப்பாங்களா, வெளிய குடுப்பாங்களாங்க்கா?" என்றுதான் கேட்டாள்.

காலையில் அந்தக் கேட்டில் பாஸைக் காட்டிவிட்டு வரிசையாக உள்ளே போகும் பெண்களை ஏழு வருஷம் பார்த்தவள் நான். கான்ட்ராக்டர் எடுத்த ஒரு ஷெட்டில் நெருக்கிப் படுத்து எழுந்து வருவார்கள். ஒருத்தி கூடவும் பிள்ளை இருந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒரு ஊரில், யாரோ ஒருவரிடம்.

எனக்குத் தெரியும். ஆனால் தர்ஷினி எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டர் சொல்லியிருப்பார், நாம் எதற்கு நடுவில்... என்று ஒரு கூச்சம். எழுதியது நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு பெருமை. இரண்டும் சேர்ந்து என் வாயை மூடின.

"உள்ள விட மாட்டாங்க. வெளியதான் இருக்கும்" என்றேன். பாதிக் கேள்விக்குப் பதில்!

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பள்ளியில் டி.சி. வாங்கினார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை பூங்கொடி ரைட்டரிடம் சாவியைக் கொடுத்தாள். மதியத்துக்குள் வேறொரு குடும்பம் அந்த வீட்டில் பாத்திரங்களை இறக்கிவிட்டது. அதே நாள் தர்ஷினி வகுப்பில் போய் எல்லோருக்கும் முன்னால் நின்று என் இரண்டு பக்கத்தையும் பார்க்காமலே ஒப்பித்தாளாம். டீச்சர் கைதட்டச் சொன்னாராம்.

சாயங்காலம் கான்ட்ராக்டரின் ஆள் போன் செய்தான். ஆதார் நகலோடு வரச் சொன்னான். ரெண்டு பேருங்க, நானும் புள்ளையும் என்று பூங்கொடி சொல்ல, அந்தப் பக்கம் சிரித்திருக்கிறான். ஒரு ரூமுக்கு எட்டுப் பெண்கள், இதில் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது என்று கேட்டிருக்கிறான்.

நேராகக் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"உள்ளார குடுப்பாங்களா, வெளிய குடுப்பாங்களான்னு உங்களத்தானுங்க்கா கேட்டேன்."

"கான்ட்ராக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன் கண்ணு."

"அவரு எனக்கென்ன சொந்தமுங்களா? நீங்க ஏழு வருசம் அங்க இருந்தவிங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

தெரியும் என்றேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். "அந்தக் காயிதத்த வச்சுக்கிட்டு இன்னும் படிக்கறாளுங்க. நொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை.

எஸ்டேட்டில் பெயர் அடித்தாகிவிட்டது. வீடு போய்விட்டது. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லியிருக்கலாம். என் வீடு கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதில் நான், கணவர், படுக்கையில் கிடக்கும் மாமியார். இது காரணம்தான். ஆனால் நான் வாயே திறக்கவில்லை என்பதற்கு இது போதுமா?

குழந்தைகளுக்காக ஊர்களைப் பற்றி எல்லோரும் எழுதுவதையெல்லாம் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம்ம ஏற்காட்டைப் பற்றி எழுதினாலும் இதே கதைதானே? ஏரி, படகு, சேர்வராயன் கோயில், காப்பி, ஆரஞ்சு. அந்தக் காப்பிப் பழத்தைப் பறித்தவள் எங்கே தூங்குகிறாள் என்று எந்தப் பக்கத்திலாவது படித்திருக்கிறீர்களா? குழந்தைகள் பயந்துவிடக்கூடாது என்கிறோம். பயம் நமக்குத்தான். அவர்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்களே என்று.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பூங்கொடி சேலம் போய் ரயில் ஏறினாள். மதியம் நானும் டீச்சரும் தர்ஷினியைக் மலையடிவாரத்தில் குப்பனூர் பக்கம் டீச்சருக்குத் தெரிந்த ஒரு மாணவியர் விடுதியில் சேர்த்தோம். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். வீட்டு முகவரி என்ற இடத்தில் என் கடை முகவரியை எழுதினேன்.