மில் முதலாளியின் வெள்ளை ஒயர்கள்

வெள்ளை ஒயர்க் கட்டு ஒன்று. ஒவ்வொரு ஒயரின் இரு முனையிலும் நூலில் தொங்கும் சின்ன அட்டைச் சீட்டு, அதில் மையால் எழுதிய எண். மில் முதலாளியை நினைத்தால் முதலில் அதுதான் என் கண்முன் வருகிறது. எழுபதுகளின் கடைசியில், கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் தன் மில் கொட்டகையில் அவர் ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். மரச்சட்டம், மேலே துணி, ஒரே ஓர் இருக்கை. ஊரே சிரித்தது. திருவண்ணாமலையில் லாரிகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்த எனக்கு ஆள் அனுப்பினார். நானும் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

முதல் நாளே மூக்குடைந்தது. லாரியில் இரும்பு உடம்பே எர்த். விளக்குக்கு ஓர் ஒயர் போதும். அதே பழக்கத்தில் இங்கும் ஓர் ஒயரை இழுத்து, விளக்கை மரச்சட்டத்தில் திருகிவிட்டு, ஏன் எரியவில்லை என்று விழித்தேன். "மரத்துல எங்க பாய் கரண்ட் திரும்பி வரும்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து போக ஒன்று, வர ஒன்று. பெட்ரோல் குழாயை விட்டு ஒரு சாண் தள்ளி, அசையும் கம்பிகளில் உரசாமல், நாலு விரலுக்கு ஒரு கட்டுப் போட்டு இழுத்தோம். எல்லாம் வெள்ளை. கலர் ஒயர் கேட்டால், "நம்பர் இருக்கு இல்ல, போதும்" என்பார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. டீக்கடையில் சொல்லியும் திரிந்தேன்.

பறக்க அனுமதி தருவதற்கு மெட்ராஸிலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முந்தைய நாலு நாள் முதலாளி ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். பெரிய மனிதர் பார்க்க வரும்போது என் வேலை இப்படி மொட்டையாக இருப்பதா? சீட்டுகளை அறுத்து எறிந்தேன். வெள்ளையை எல்லாம் உருவிவிட்டு, போவதற்குச் சிவப்பும் வருவதற்குப் பச்சையுமாகப் புதிது போட்டேன். திரும்பி வந்தவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் வெளுத்திருந்தது. பயணக் களைப்பு என்று எண்ணினேன். "நல்லா இருக்கு பாய்" என்றார். அவ்வளவுதான். அப்போதாவது வாய் திறந்திருக்கக் கூடாதா மனுஷன்! விடிவதற்குள் அத்தனைக்கும் சீட்டுக் கட்டியிருப்பேனே.

மறுநாள் வந்த அதிகாரி என் கட்டுகளைத் தடவிப் பார்த்து மெச்சினார். நான் பூரித்துப் போனேன். பிறகு முதலாளியிடம், "அந்தப் பெட்ரோல் பம்போட சிவப்பு ஒயரை மட்டும் கழட்டிக் காட்டுங்க" என்றார். முதலாளியின் கை இரண்டு ஒயருக்கும் நடுவே தயங்கியது. பிறகு பச்சையைக் கழற்றியது. அதிகாரி இன்னொன்றைக் கேட்டார். அதுவும் பச்சை. அவர் ஃபைலை மூடினார்.

"விமானத்துல ஒரு குறையும் இல்லீங்க. ஆனா கீழ காட்டுறது சிவப்பு விளக்கா, பச்சை விளக்கான்னு தெரியாதவரை மேல அனுப்ப முடியாது. மன்னிச்சுக்குங்க."

எப்படியும் ஒருநாள் தெரிந்திருக்கும் என்கிறான், இப்போது என் ஒயரிங் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன். இருக்கலாம். ஆனால் காட்டிக்கொடுத்தது என் கைதானே? இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

அதிகாரியின் ஜீப் போன பிறகு முதலாளி விமானத்தின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "இருபது வயசுல விமானப்படைக்குப் போனப்பவும் இதையே சொல்லித்தான் திருப்பி அனுப்புனாங்க பாய். எங்க வீட்டுல கூட யாருக்கும் தெரியாது" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். "ஆசையா போட்டிருக்கீங்க. எது எதுன்னு காட்டுங்க, பாக்கறேன்" என்றார்.

அவர் விரலைப் பிடித்து ஒவ்வோர் ஒயராகத் தொட்டுக் காட்டினேன். இது சிவப்பு, இது பச்சை. ஒவ்வொன்றுக்கும் "ம், தெரியுது" என்று தலையாட்டினார். அழுகையில் ஓரிடத்தில் பச்சையைச் சிவப்பு என்று சொல்லிவிட்டேன். அதற்கும், "ம், தெரியுது பாய்" என்றார்.