நடுக்கூரையில் ஒரு பொட்டு

ராஜரத்தினம் அம்பாசிடரின் கூரையில் விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். கொஞ்சம் தள்ளித் தட்டுகிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி. உள்ளே குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். சட்டத்தைத் தாண்டி, நட்டநடுவில் விரல் நிற்கிறது. சட்டைப்பையிலிருந்து முண்டகக்கண்ணி அம்மன் கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைக்கிறார். பென்சிலால் குறித்தால் ஆகாதா என்று கேட்டால் சிரிப்பார். "பென்சில்ல குறி போட்டா வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். பொட்டு வெச்சா கும்புட்டுக்கினு நிப்பான். அந்த கேப்புல ட்ரில்லை எறக்கிடணும் நைனா."

கால் டாக்ஸிகளுக்கு வயர்லெஸ் ஆன்டெனா பொருத்துவது அவர் தொழில். கடை மந்தைவெளியில். கடை என்றால் ஒரு ஸ்டூல், ஒரு டூல்ஸ் பெட்டி, பக்கத்து வீட்டு ப்ளக்கிலிருந்து கெஞ்சி இழுத்த வயர், அவ்வளவுதான். முன்பு மொட்டை மாடிகளில் டிவி ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்தார். கேபிள்காரர்கள் வந்தார்கள், மாடி போயிற்று. மனிதர் அசரவில்லை. மாடியிலிருந்து இறங்கிக் கார் மேல் ஏறிக்கொண்டார். வயது நாற்பத்தெட்டு. தலை சுத்தமாக வழுக்கை. டிரைவர்கள் அதையும் ஒரு கூரை என்றுதான் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் போலீஸ் ஜீப்பில் ஆடுமே, அந்த மாதிரி நீளக் கம்பிதான் வேண்டும். "நீளம் பாத்து வாங்க இது இன்னா புடலங்காவா?" என்பார். டாக்ஸியில் வைக்கும் வயர்லெஸ் செட்டுக்கு இரண்டு சாணும் ஒரு விரற்கடையும் போதும், ஆனால் கூரை நடுவில் நிற்க வேண்டும். கூரையை ஓட்டை போட மனசு வராமல் பம்பரில் வைக்கச் சொல்வார்கள் சிலர். "வெச்சிடலாம். பின்னாடி வர்றவனுக்கு மட்டும் கேக்கும், பரவால்லியா?" ஓட்டை போடாமல் கூரையில் ஒட்டிக்கொள்ளும் காந்த அடித்தட்டு போதுமே என்று யாராவது வாய் திறந்தால் தொலைந்தார்கள். "அது வாடகைக்கு வந்த குடி நைனா. ரெண்டு ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்கினா வூட்டை காலி பண்ணிடும்."

கம்பியை நட்டபின் அவரிடம் பேச்சே கிடையாது. சோதனை மீட்டரை மாட்டி, டிரைவரை மைக்கை அழுத்தச் சொல்லி, முள்ளையே பார்ப்பார். முள் எழுந்து நின்றால் குரல் வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று அர்த்தம். கம்பி நுனியை நகத்தளவு வெட்டுவார், பார்ப்பார், மறுபடி வெட்டுவார். முள் இடப்பக்கம் போய்ப் படுத்த பிறகுதான் டீ. "நம்ம கம்பில கோளாறுன்னு ஒருத்தன் வந்தது கெடயாது" என்பது அவர் வாய்மொழி. வந்தவர்கள் உண்டு. செட், பேட்டரி, டிரைவரின் வாய் என்று எதன் தலையிலாவது கட்டி அனுப்பிவிடுவார்.

லஸ்ஸில் சுப்புராயன் நடத்தும் கால் டாக்ஸியின் இருபத்திரண்டு வண்டிகளுக்கும் ராஜரத்தினத்தின் கம்பிதான். அதில் பதினேழாம் நம்பர் பக்கிரியின் சொந்த வண்டி. பொட்டு வைத்தும் அவன் அடங்கவில்லை. ட்ரில் கூரையைத் தொட்டதும் பம்பரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அன்றிலிருந்து அந்த வண்டிமேல் ராஜரத்தினத்துக்குத் தனிப் பாசம்.

கம்பெனிக்கு முதல் ஆயுத பூஜை வந்தது. டிரைவர்கள் பானெட்டுக்குப் பூ போட்டார்கள். கம்பியை யாரும் கண்டுகொள்ளவில்லை. ராஜரத்தினத்துக்குப் பொறுக்குமா? ரங்கநாதன் தெருவுக்குப் போய், வாடாத மாலையாக, உள்ளே மெல்லிய கம்பி வைத்துக் கட்டிய ஜிகினா மாலைகளாகப் பார்த்து வாங்கிவந்து, இருபத்திரண்டு ஆன்டெனாக்களுக்கும் தம் கையாலேயே சுற்றினார். பதினேழுக்கு மட்டும் இரட்டை மாலை. பார்க்கப் பார்க்க அவருக்கே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை லஸ் ஆபீசில் மைக்கில் உட்கார்ந்து வண்டிகளைக் கூப்பிடும் ஜஹனாரா பதினேழைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். தி. நகர், அடையாறு வண்டிகள் கொஞ்சம் கரகரத்தாலும் பதில் சொல்லின. தொலைவில் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டிய பக்கிரியிடமிருந்து மூச்சில்லை. மூன்று சவாரி கைநழுவிப் போயிற்று. அந்த ஆபீசில் பதில் வராவிட்டால் ஒரே பொருள்தான்: செட்டை அணைத்துவிட்டுத் தனிச் சவாரி அடிக்கிறான். சுப்புராயன் ராஜரத்தினத்தை வரவழைத்தார்.

"ஆன்டெனாவுல ஏதாவது கோளாறு இருக்குமா?"

"சான்சே இல்ல சார்" என்றார் ராஜரத்தினம், கேள்வி முடிவதற்குள்.

"அப்ப செட்டைக் கழட்டிக்கிட்டு வந்துடுங்க. அவன் நமக்கு வேணாம்."

கார் வாங்கியும் தெருமுனையில் சவாரிக்குக் காத்துக் கிடந்தவன் பக்கிரி. வயர்லெஸ் வந்த பிறகுதான் நிமிர்ந்தான். ராஜரத்தினம் திருவான்மியூரில் போய் இறங்கியபோது வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது.

"காலைலேர்ந்து தொண்ட கிழிய கூப்டுக்கினு கீறேன் மாமா. அந்தம்மா கொரலு கொர்ருன்னு வருது, நான் பேசறது போவல. வண்டி இங்கியேதான் கீது, டீக்கடையில கேளு."

"கதை வுடாத. முள்ளு சொல்லும் பாரு" என்று மீட்டரை மாட்டினார். பக்கிரி மைக்கை அழுத்தினான். முள் விறைத்து நின்றது. வயரைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அடி நட்டைப் பார்ப்பதற்காக மாலையைக் கழற்றிக் கையில் எடுத்தார். முள் சாதுவாகப் படுத்துக்கொண்டது. மாலையைத் திரும்பப் போட்டார், நின்றது. எடுத்தார், படுத்தது. மூன்றாம் முறை செய்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பாவி, நம் கையாலேயே இந்தப் பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டோமே! பெட்டியில் ஸ்பானர் இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போனால் கேட்க நாதியில்லை. இத்தனை வருஷப் பேச்சும் பிழைத்துக்கொள்ளும். பக்கிரி அந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, கழட்டப் போறியா?"

"ஏறு. லஸ்ஸுக்கு வுடு" என்றார். வழியெல்லாம் மாலை அவர் மடியில் கிடந்தது.

ஆபீசில் ஜஹனாராவும் நாலைந்து டிரைவர்களும் இருந்தார்கள். சுப்புராயன் நிமிர்ந்து, "செட் எங்கே?" என்றார்.

"வண்டியில கீது சார். பக்கிரி எங்கியும் போவல. இந்த ஜிகினா மாலைதான் கம்பியை ஊமையாக்கிச்சு. மாட்டுனது நான்."

"ஆன்டெனாவுல கோளாறே வராதுன்னு நீங்கதானே காலையில சொன்னீங்க?"

ராஜரத்தினம் இரட்டை மாலையைத் தம் கழுத்தில் போட்டுக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்து, வழுக்கையின் நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, சுப்புராயனுக்கு முன்னால் தலையைக் குனிந்து காட்டினார்.