ஒரு நாளைக்கு ஓர் எழுத்து

அக்காவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். இப்படியான கட்டுரைகளில் இறந்தவரின் நற்குணங்களை எழுதுவார்கள். நானும் எழுதுகிறேன். ஆனால் இடையில் என்னைப் பற்றிய ஒரு விடயமும் வரும். அதை வாசித்த பிறகு என்னோடு கதைப்பதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

குறிஞ்சிப்பிட்டிக்குக் கிட்ட, கடலோரத்து ஓலை வீடொன்றில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றது. அம்மா கருவாடு காயப்போடப் போனால் என்னைத் தூக்கி வைத்திருக்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்காகத்தான். அவர் விட்ட படிப்பை நான் படித்தேன். சிலாபத்தில் தங்கிப் படித்துச் சிங்களமும் பழகி, பாலாவிச் சந்தியில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அக்காவைக் கட்டிய அத்தான் சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனிதர். ஒரே மகளோடு, என்னையும் வீட்டில் வைத்துக்கொண்டு, அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அத்தானின் போனுக்கு வரும் அறிவித்தல்கள் எல்லாம் சிங்களத்தில்தான் வரும். வாங்கும்போது யாரோ அப்படிப் பதிந்துவிட்டார்கள். அதை மாற்ற எங்களில் ஒருவரும் மினக்கெடவில்லை.

தலவிலத் தேவாலயத் திருநாள் காலம் அது. ஊரே அங்கே போயிருந்தது. நாங்கள் மட்டும் போகவில்லை; கடலில் கிடந்த வலையை எடுத்து வந்துவிட்டுப் போவோம் என்று அத்தான் படகைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மத்தியானம் நான் சோறு தின்றுகொண்டிருந்தபோது அது சத்தம் போட்டது. அக்கா எடுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது என்னண்டு ஒருக்கா பாரு தம்பி.”

“கம்பனிக்காரன்ட விளம்பரம் அக்கா. வேற வேல இல்ல அவங்களுக்கு.”

நான் திரையைப் பார்க்கவே இல்லை. மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னை நம்பிப் போனைத் திரும்பவும் சார்ஜில் போட்டார். கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அத்தான் புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

பின்னேரம் காற்று எழும்பியது. அடுத்த நாள் படகு மட்டும் கரைக்கு வந்தது. அத்தான் வரவேயில்லை. வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்கும்போது நான் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்குப் போய் அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தேன். கடும் காற்று வீசும், மறு அறிவித்தல் வரை கடலுக்குப் போக வேண்டாம். இவ்வளவுதான். அதை அழிக்கப் போன நேரம் அக்கா உள்ளே வந்து, போனைக் கையில் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அதைத் தன் கையை விட்டு வைக்கவில்லை. அத்தான் பாவித்த பொருள் என்பதால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு மாதம் அவர் எழும்பவில்லை. பிறகு ஒரு காலை, பேக்கரிப் பாண் விற்கும் முச்சக்கரவண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது, மகளின் பழைய கொப்பியோடு வாசலுக்குப் போனார். அந்தப் பாண்கார அண்ணன் சிங்களவர். கொஞ்சம் தமிழ் கதைப்பார்.

“எனக்கு உங்கட எழுத்துச் சொல்லித் தாங்க.”

“எல்லாம் ஒரே நாள்ள ஏலாதே அக்கே.”

“ஒரு நாளைக்கு ஒண்டு போதும்.”

அவர் ஓர் எழுத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அக்கா அன்று முழுக்க அதை எழுதுவார், கொப்பியிலும் மணலிலும். ஊரார் அதிசயப்பட்டார்கள். ஒவ்வொரு எழுத்தாக அவர் அந்தச் செய்தியை நோக்கி வந்துகொண்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“இந்த வயசில சிங்களம் படிச்சு, கச்சேரில அரசாங்க வேலைக்கா போகப் போறீங்க?” என்று நக்கல் அடித்துப் பார்த்தேன்.

“தெரியாம இருந்து பட்டது போதும் தம்பி” என்றார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது போன் அக்காவின் கையில் இல்லை. அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அன்று செபமாலை முடிந்ததும் முதல் தடவையாக என்னைக் கேட்டார்: “தம்பி, இண்டைக்கு என்ன படிச்ச?”

அது வீட்டு வழக்கமாகிவிட்டது. செபமாலை முடிந்தால் மகளும் நானும் அன்று படித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மகள் உண்மையாகப் படித்துச் சொல்வாள். ஆட்டுக்கு நாலு வயிறு என்பதை நான் மூன்று தடவை சொல்லியிருப்பேன். “அந்த ஆடு இன்னும் சாகல்லயா?” என்று அக்கா சிரிப்பார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பல நாள் வீட்டுக்குப் பிந்தி வந்தேன்.

அக்கா எழுத்தோடு நிற்கவில்லை. காற்று வரைபடம் பார்க்கப் படித்தார், படகு ரேடியோவில் கதைக்கப் படித்தார். “அக்கா, காத்து என்ன மாதிரி?” என்று கேட்காமல் எங்கள் கரையில் படகு தள்ளுவதில்லை என்ற நிலை வந்தது. அவர் வேண்டாம் என்ற நாளில் ஒருவரும் போனதில்லை. பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தபோது, இடது கையால் ‘அ’ எழுதத் தொடங்கினார். அப்போதும் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில், குழறிய நாக்கோடு அதையே கேட்டார்: “என்ன படிச்ச?”

“ஒண்டும் இல்ல அக்கா.”

“சரி. நாளைக்குச் சொல்லு.”

விடியுமுன் போய்விட்டார்.

போன மாதம் மகள் அந்தக் கொப்பியை என்னிடம் தந்தாள். “மாமா, இது உங்களுக்குத்தான் எண்டு நினைக்கிறேன்” என்றாள். ஒரு பக்கத்தில் அந்தச் செய்தி சிங்களத்தில், கோணல் எழுத்தில். கீழே தமிழில் அக்கா எழுதியிருந்தார்:

“இண்டைக்கு முழுசா வாசிச்சேன். தம்பி அண்டைக்கு இத வாசிக்கல்ல. வாசிச்சிருந்தா ஓடிப் போய்ச் சொல்லியிருப்பான். பாவம், இதத் தனிய வச்சுக்கொண்டு திரியிறான். நான் கேக்க மாட்டேன், அவனாச் சொல்லட்டும். அதுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு இடம் குடுப்பேன்.”

பதினொரு வருடம் அவர் எனக்கு இடம் கொடுத்தார். நான் ஆட்டின் வயிற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எந்தப் போன் சத்தம் போட்டாலும் ஓடிப் போய் எடுக்கிறேன். விளம்பரம் வந்தாலும் எழுந்து நின்று கடைசிச் சொல் வரைக்கும் வாசிக்கிறேன்.

எழுத்துச் சொல்லித் தந்த பாண்கார அண்ணனுக்கும், அக்காவைக் கைத்தாங்கலாக ரேடியோவுக்கு அழைத்துப்போன கடற்கரைச் சகோதரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் அவருடைய கொப்பியைத் தலையணைக்குக் கீழே பத்திரமாக வைத்த தாதிக்கும், திருப்பலி நிறைவேற்றும் சுவாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானின் உறவினர்களிடம் நன்றி சொல்ல எனக்கு முகமில்லை, மன்னிப்புத்தான் கேட்கிறேன். அக்கா நாளைக்குச் சொல்லு என்றார். ஒரு வருடம் பிந்திவிட்டது.

அக்கா, அண்டைக்கு அத நான் வாசிக்கல்ல.