சுவரில் மாட்டியிருந்த சாரி கார்டு

கொச்சிக்கு வந்த முதல் இரண்டு மாதங்களில் என்னிடம் தாமாக வந்து பேசியவர்கள் அத்தனை பேரும் ஓடுகிற வண்டியில் இருந்தபடிதான் பேசினார்கள். தோப்பும்படியில் நாங்கள் குடியிருக்கும் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சிரிப்போடு கதவைச் சாத்திக்கொள்வாள். மீன்காரர் விலையைச் சொல்வார், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டால் போதும், யாராவது பக்கத்தில் ஒட்டி வந்து, "சேச்சீ, ஸ்டாண்ட் தட்டு!" என்று கத்திவிட்டுப் போய்விடுவார்கள். சேச்சி என்றால் அக்கா. சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்புவது என் பழைய கெட்ட பழக்கம். ஊர் மாறியும் அது என்னை விட்டபாடில்லை.

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரே பைக்கில் இரண்டு ஆண்கள். ஹார்பர் பக்கத்திலிருந்தே என் பின்னால் வந்தார்கள், கையை ஆட்டினார்கள், "சேச்சி, நிக்கு, நிக்கு" என்று கூவினார்கள். நான் ஓட்டுவது என் கணவரின் கியர் வண்டி. பெண்பிள்ளை கியர் வண்டி ஓட்டினால் சீண்டுவதற்கென்றே நாலு பேர் வருவார்கள் என்பது என் அனுபவம். தெரியாத ஊர், புரியாத பாஷை. ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். அவர்களும் விடவில்லை. மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் இடத்தில் ஓர் ஆட்டுக்கூட்டம் வழியை மறித்ததால் நின்றேன். பின்னால் இருந்தவன் இறங்கி வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஸ்டாண்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எந்தா சேச்சி இது!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். ஆடுகள் நகர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

சாத்தூரில் இப்படி ஒருநாளும் பயந்ததில்லை. அங்கே பின்னால் ஒருவன் கத்தினால் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று குரலிலேயே தெரிந்துவிடும். "எக்கா, ஸ்டாண்டு!" என்பான், "போடா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிடுவேன். தெருவில் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகள் எங்கே போகிறாள், எல்லாம் வாய்க்கு வாய் போகும். அந்த வாய்களுக்குப் பயந்துதான் ஊரைவிட்டு வந்தோம் என்றுகூடச் சொல்லலாம். என் கணவருக்கு வைட்டிலா பக்கம் கட்டட வேலை கிடைத்தது, வண்டியை ரயிலில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தோம். அதன் முதுகில் இன்னும் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்தான்.

இங்கே வந்து எனக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் ஹோம் நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்கள், எழுந்து நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊசி போட மாட்டேன், மருந்து எழுத மாட்டேன், ஆனாலும் நர்ஸ். சாத்தூரில் என் தங்கை தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், அக்கா கேரளாவில் நர்ஸாகிவிட்டாள் என்று. எர்ணாகுளத்தில் ஏஜென்சிக்காரர்கள் சில நாட்கள் பயிற்சி கொடுத்தார்கள். ஆளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று. கடைசியாகப் பயிற்சி கொடுத்த மேடம் ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். அந்த வீட்டில் காதில் விழுவது அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னால் அன்றோடு வேலை போய்விடும். நான் பலமாகத் தலையாட்டினேன். அந்தப் பேச்சு சாத்தூரைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

புதிதாக இங்கே வண்டி ஓட்ட வருகிறவர்களுக்கு நான் படித்துக்கொண்ட பாடங்களைச் சொல்லிவிடுகிறேன். காலையில் தோப்பும்படியில் மீன் வண்டிகளுக்குப் பின்னால் போகாதீர்கள். வழிநெடுக ஐஸ் தண்ணீர் ஒழுகும், அதில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மட்டாஞ்சேரி பஜாரில் லாரியும் ஆடும் எதிரே வந்தால் ஆட்டுக்கு வழி விடுங்கள், லாரி உங்களுக்காக நின்றாலும் நிற்கும், ஆடு நிற்காது. மழைக்கோட்டு எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். பெண்கள் ஷாலை இரண்டு தோளிலும் பறக்க விடாமல் குறுக்கே சுற்றி இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பாடத்தை எனக்கு ஷைனி சொல்லிக்கொடுத்தாள்.

ஷைனியைப் பார்த்துக்கொள்ளத்தான் முதலில் என்னை அனுப்பினார்கள். மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. புருஷன் ஜோஷி பஜாரில் இஞ்சி, மிளகு மண்டியில் கணக்குப் பார்க்கிறவர். குழந்தை இல்லை. முதல் நாள் நல்ல மழை. முன்வாசல் சுவரில் ஆணியில் ஒரு கம்பிச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. துணி காயப்போட வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து என் மழைக்கோட்டை அதில் மாட்டினேன். ஜோஷி உள்ளேயிருந்து வந்தார். கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, கம்பியில் இருந்த தண்ணீரைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். அப்போதுதான் அது என்னவென்று பார்த்தேன். பைக்கின் பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வைப்பார்களே, சாரி கார்டு, அது. வீட்டில் பைக் எதுவும் இல்லை.

முதல் நாலு நாளும் நான் ஷைனிக்குக் கோபத்தை மூட்டிக்கொண்டே இருந்தேன். நோயாளி என்றால் எல்லாவற்றையும் நாம்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அவள் சீப்பை எடுக்கும் முன் நான் எடுத்தேன், அவள் பொத்தானைத் தொடும் முன் நான் போட்டேன், சோற்றைப் பிசைந்து வாய்க்கு அருகில் கொண்டு போனேன். நாலாம் நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எனிக்கு கையுண்டு சேச்சி! காலு மாத்ரமே போயுள்ளூ."

கை இருக்கிறது, கால்தானே போனது என்கிறாள். மூக்கறுபட்டு நின்றேன். அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கப் பழகினேன். அவள் நைட்டி மாட்டக் கால்மணி நேரம் ஆகும். பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. வாயும் கையும் பரபரக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் பேச ஆரம்பித்தாள். முன்பு எர்ணாகுளத்தில் ஜவுளிக்கடையில் தமிழ்ப் பெண்களோடு வேலை பார்த்தவள், தமிழ் வரும், மலையாள ராகத்தோடு. ஜோஷியும் அவளும் ஒருவருக்கொருவர் பேசுவது மட்டும் குறைவு. சாயா வேணுமா, மருந்து எடுத்தாயா, அவ்வளவுதான். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, ஸ்டாண்டுக்காக என்னைத் துரத்தியவர்களின் கதையைச் சொன்னேன். ஆடுகள் வந்த இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சேச்சி, ஒரு காரியம் சொல்றேன். ஆரிட்டயும் சொல்லக்கூடாது. அன்னைக்கு எங்க பின்னாலயும் ரெண்டு பேர் கூவிட்டே வந்தாங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஜோஷியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறாள். ஷால் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

"கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன். ஜோஷி ஹெல்மெட் போட்டிருந்தாரு, கேக்கல. சொன்னா வண்டிய நிறுத்தி அடிக்கப் போவாரு, அப்ப அவருக்கு அத்தனை கோபம் வரும். அதனால மழை வருது, கொஞ்சம் வேகமா போங்கன்னு சொன்னேன்." உணர்ச்சியில்லாத தன் தொடையைக் கையால் தட்டினாள். "நிறுத்தி அடிச்சிருந்தா நான் இப்ப நடப்பேன், இல்லியா சேச்சி?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆடுகள் குறுக்கே வராமல் இருந்திருந்தால் என் கதையும் எங்கே முடிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். அவள் செய்த அதே தப்பைத்தான் நானும் செய்தேன். எனக்கு ஒரு ஸ்டாண்டோடு போயிற்று, அவளுக்கு இரண்டு கால்களோடு போனது.

மீதியைச் சொன்னாள். சக்கரம் ஷாலை இழுத்ததில் முதுகு அடிபட ரோட்டில் விழுந்தாள்; அந்த இரண்டு பேர் கூவியது ஷாலைப் பார்த்துத்தான். அந்த பைக் ஸ்டைலாகத் தெரிய வேண்டும் என்று ஜோஷி சாரி கார்டைக் கழற்றி வைத்திருந்தார். அது இருந்திருந்தால் ஷால் சிக்கியிருக்காது. ஆஸ்பத்திரியில் வைத்தே அவளுடைய அண்ணன்மார் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து குற்றம் முழுவதும் அவர் தலையில். அவரும் மறுக்கவில்லை. பைக்கை விற்றார், கார்டை மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார். அவர்கள் கூவியது தன் காதில் விழுந்தது என்று மட்டும் இவள் இரண்டு வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் செய்தி வந்தது. அண்ணன்மார் ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டு வந்து ஷைனியை ஆலப்புழைக்குக் கூட்டிப் போகிறார்கள். விருந்துக்கல்ல, ஒரேயடியாக. ஜோஷி அங்கே வரக்கூடாது. அவர் சரி என்றுவிட்டாராம். அன்று சாயங்காலம் நான் வண்டியை எடுக்கும்போது ஜோஷி வாசல்வரை வந்தார்.

"சேச்சி, அவள் என்னைப் பத்தி எந்தெங்கிலும் பறஞ்ஞோ?"

ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறார். "இல்ல சார்" என்றேன்.

"அந்த கார்டு அழிச்சது ஞானல்லே. பின்னே ஞான் எப்படி அவளப் போகண்டான்னு சொல்லும்?"

கழற்றியது நான்தானே, போகாதே என்று எந்த வாயால் சொல்வேன் என்கிறார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பயிற்சி மேடத்தின் முகமும் வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் ஷைனியிடம் வெளிப்படையாகக் கேட்டேன். "நீயே சொல்லிரு தாயி. அந்த மனுஷன் பாவம்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "சொன்னா அவரு என்னை வெறுத்திடுவாரு சேச்சி. இப்ப அவர் தன்னை வெறுக்கிறாரு, அது எனக்குக் கொஞ்சம் சமாதானம்." இப்படி ஒரு சமாதானத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது, அதை மறைத்து என்ன பயன். அவள் போனால் என் வேலையும் போகும். அவர்களைச் சேர்த்துவைக்க நான் துடிப்பது அவர்களுக்காகவா, எனக்காகவா? அந்தச் சந்தேகம் வந்ததும் என் வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து காருக்கு அவளை மாற்றும்போது கைகளால் தானே பாதி பாரத்தைத் தாங்கிக்கொண்டாள். ஜோஷி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஷாலின் நுனி கதவுக்கு வெளியே தொங்கியது. அவர் குனிந்து, அதை எடுத்து, மெதுவாக அவள் மடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. சந்து முனையில் கார் திரும்பியது.

நானும் கிளம்பலாம் என்று வண்டியை உதைத்தேன். "சேச்சி, நிக்கு" என்றார். நின்றேன். என் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாத்தூரில் இருந்தபோதே அதன் சாரி கார்டு துருப்பிடித்து விழுந்துவிட்டது. சுடிதார்தானே போடுகிறாய், அது எதற்கு என்று என் கணவர் புதிது போடவில்லை. ஜோஷி உள்ளே போய் ஸ்பானரையும், ஆணியில் தொங்கிய கம்பிச் சட்டத்தையும் எடுத்து வந்தார். அவர் விற்ற பைக்கும் இதே மாடல்தானாம். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார். எனக்கு முன்னால் அவருடைய குனிந்த தலை. இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. சாத்தூரில் இருந்த நானாக இருந்தால் தெருவே கேட்கக் கத்தியிருப்பேன். இந்த ஊருக்கு வந்து வாயை மூடக் கற்றுக்கொண்டவள் சும்மா நின்றாள். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இனி பேடிக்கண்டா சேச்சி" என்றார். இனிப் பயப்பட வேண்டாமாம். அதோடு காலால் என் ஸ்டாண்டையும் தட்டிவிட்டார்.

இப்போது எனக்கு ஃபோர்ட் கொச்சியில் வேறு வீடு, வேறு நோயாளி. தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறேன். ரோட்டில் யார் கூப்பிட்டாலும் நின்றுவிடுகிறேன். யாருடைய ஷாலாவது தொங்கினால் துரத்திப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன், தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி. சந்து முனைச் சாயாக்கடையில் சில நாள் ஜோஷி நிற்பார். கையைத் தூக்குவார். ஹார்னை ஒருமுறை அடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிறேன். என் முதுகுக்குப் பின்னால் சாத்தூர் நம்பர் பிளேட்டும் மட்டாஞ்சேரி சாரி கார்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. குண்டும் குழியுமான இடத்தில் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடுகின்றன. போல்ட்டை முடுக்கினால் சத்தம் நின்றுவிடும் என்று என் கணவர் சொல்கிறார். நான் வேண்டாம் என்றேன்.