கொஞ்சம் மேல தூக்கித் திருப்பணும்

“திருகாதீங்கம்மா. கொஞ்சம் மேல தூக்கித் திருப்பணும்” என்றாள் சாவியக்கா. ஒரு வாரம் தங்க வந்த நர்ஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு மூன்றாம் முறை சாவியைத் திருப்பினாள். கதவு திறந்துகொண்டது. சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல அக்காவின் முகம் மலர்ந்தது. நர்ஸின் நாலு வயது மகள் மட்டும் பொம்மைப் பையை இறுக்கிப் பிடித்தபடி வெளியிலேயே நின்றாள்.

நாலாம் மாடியில் உள்ள அந்த வீடு அக்காவுக்குச் சொந்தம். அவள் குடியிருப்பதோ தரைத்தளத்தில், பின்பக்கத்து ஒற்றை அறையில். திரைச்சீலை தைப்பது தொழில். கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் சாவிக்கொத்து. வந்தவர்கள் காலி செய்ததும் மூச்சு வாங்க மேலே ஏறி, விரிப்பை உருவிப் புதிதாக விரிப்பாள். தலையணை உறையின் வாயை எப்போதும் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். அவள் மகனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அவன் போய் ஏழு வருடம் ஆகிறது. பேச்சு முற்றிய ஒரு நாள், “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே” என்று சொன்னது அவள்தான். அவனும் மிதிக்கவில்லை. ஆனால் தன் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் போனான். என்றாவது அந்தச் சாவியோடு வருவான் என்று நம்பித்தான் அவள் வீட்டை நாள் கணக்கில் மட்டும் வாடகைக்கு விட்டுவந்தாள். மக்கர் செய்யும் பூட்டையும் மாற்றவில்லை.

மரவேலை செய்யும் அவள் தம்பிக்கு இது பொறுக்காது. “முட்டி தேஞ்சு போச்சு. இன்னும் கண்டவன் தலகாணிக்கெல்லாம் உறை மாட்டிக்கிட்டு இரு. ஒரு குடும்பத்துக்கு விட்டுட்டு உக்காரேன்க்கா!”

“குடும்பம் வந்தா வேர் விட்டுடும்டா. அவன் வந்தா எங்க படுப்பான்?”

“என் பட்டறையில படுக்கட்டும். முதல்ல வரட்டும்.”

அவள் தையல் மெஷினை ஓட்டத் தொடங்கிவிடுவாள்.

நர்ஸ் இன்னொரு வாரம் கேட்டாள், பிறகு இன்னொன்று. மூன்றாம் வாரம் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, வீட்ட மூணு வருஷத்துக்கு வாடகைக்கு எழுதிக் குடுப்பீங்களா? எம் பொண்ணு எப்பவும் பெட்டி கட்டுறதப் பாத்தே பழகிட்டா. பொம்மைய வெளியவே எடுக்க மாட்டேங்குறா. பூட்ட மட்டும் மாத்திடுங்க. யார் யார் கையில சாவி இருக்கோன்னு பயமா இருக்கு.”

மூன்று நாள் தையல் மெஷின் ஓடவில்லை. நாலாம் நாள் அக்கா பட்டறை வாசலில் போய் நின்றாள். “உளிய எடுத்துக்கிட்டு வாடா.”

மாடிக்கதவில் புதுப் பூட்டு ஏறியது. உள்ளே குழந்தை பொம்மைகளை ஜன்னலோரம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“யாராவது வந்து சாவி போட்டு, திறக்காம முழிச்சா பயந்துடாதேம்மா” என்றாள் அக்கா நர்ஸிடம். “கீழ, பின்பக்கம்னு மட்டும் சொல்லு.”

தம்பி பழைய பூட்டைப் பைக்குள் போடப் போனான். அவள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். “இத என் அறைக் கதவுல மாட்டு.”

“இந்த மக்கர் பூட்டையா? எவனாவது இத...” என்று ஆரம்பித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கீழே வந்து, அவள் அறைக்கதவில் அளவு குறிக்கத் தொடங்கினான்.

தம்பி போன பிறகு அவள் தன் அறைக்கதவை வெளியே நின்று பூட்டினாள். சாவியைச் செருகி, கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பினாள். திறந்தது. மறுபடி பூட்டினாள். மறுபடி திருப்பினாள்.