மூழ்கிய கப்பலும் சலீமின் கல்யாண லீவும்

சலீமுக்குக் கல்யாணம். நாகூரில் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஜாலான் புசார் கடைத்தெருவில் சூட்கேஸ்கூட வாங்கியாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான் — லீவு!

சிங்கப்பூர் ஜூரோங்கில் நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் சலீமுக்கு அடுத்த மேசை என்னுடையது. புது சாஃப்ட்வேர் ஓடினால்தான் மாப்பிள்ளை விமானம் ஏறலாம் என்று எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம் போன திங்களன்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அது என்ன சாஃப்ட்வேர் என்கிறீர்களா? சரக்கேற்றிய கப்பல் அலையில் நிற்குமா, கவிழுமா என்று கணக்குப் போடும் பெரிய ஃபோர்ட்ரான் புரோகிராம்கள் எங்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால், அட்டையில் துளை போட்டு, கட்டாகக் கட்டி, கம்ப்யூட்டர் அறை ஜன்னலில் கொடுத்துவிட்டுத் தவம் கிடக்க வேண்டும். ஒரு கமா தப்பினால் மறுநாளும் தவம்தான். இப்போது வந்திருப்பது ஒரு தரகர்! கீபோர்டில் சின்னச் சின்னக் கட்டளையாக அடித்தால் போதும். இதுவே அந்தப் பெரியவர்களிடம் பேசி, பதிலை உடனே திரையில் காட்டிவிடும்.

ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி இன்ஸ்டால் செய்தோம். சலீம் 'பிஸ்மில்லா' சொன்னார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டு சிபாரிசையும் மதிக்காமல் மிஷின் கடைசி ஃப்ளாப்பியை ஏற்க மறுத்தது. தலைகீழாகச் செருகியிருந்தோம்...

பிறகு சலீம் அடித்தார். சரக்கை ஏற்று. எண்ணெய் நிரப்பு. அலையை விடு. கப்பல் ஜம்மென்று மிதந்தது!

ஓடிப்போய் மிஸ்டர் லிம்மை அழைத்து வந்தோம். சலீம் விரல்களில் சொடக்கு எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்துக் காட்டினார். கப்பல் கவிழ்ந்தது.

"வாட் லா, சலீம்? ஷிப் ஆர் சப்மரீன்?"

"ஒன் மோர் டைம், சார்!"

இந்தத் தடவை அலை வருவதற்கு முன்பே மூழ்கிவிட்டது. வெளிநாட்டு நிபுணரை வரவழைக்கப் போவதாகவும், அதுவரை யாருக்கும் லீவு கிடையாது என்றும் சொல்லிவிட்டு மிஸ்டர் லிம் போய்விட்டார்.

சலீமைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அக்கா, முதல்ல மிதந்துச்சே! நீங்களும் பாத்தீங்கல்ல?"

பார்த்தேனே! கப்பலில் இப்போது எவ்வளவு எடை இருக்கிறது என்று மிஷினையே கேட்டேன். மூன்று மடங்கு!

"சலீம், எத்தன தடவ சரக்கு ஏத்துனீங்க?"

"ஒவ்வொரு தடவயும்தான்க்கா."

"எப்பவாச்சும் இறக்குனீங்களா?"

சலீம் தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் அட்டைக் காலத்துப் பழக்கம்! அங்கே ஒவ்வொரு கட்டும் புதுக் கணக்கு. எல்லாவற்றையும் மறுபடி கொடுத்தே ஆக வேண்டும். இந்தத் தரகரோ எதையும் மறப்பதில்லை. ஏற்றியதன் மேலேயே ஏற்றுவார். கையேட்டைப் புரட்டினால், பழையதைத் துடைக்க 'கிளியர்' என்று அடிக்க வேண்டுமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

'கிளியர்' அடித்தோம். கப்பல் மிதந்தது. மிஸ்டர் லிம் எதிரில் மறுபடியும் மிதந்தது. மனிதர் மனம் குளிர்ந்துபோய், சலீமைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு வாரம் லீவு கொடுத்துவிட்டார்.

கேன்டீனில் இருந்த எனக்கு அது தெரியாது. நேரே அவர் அறைக்குப் போய், கல்யாண மாப்பிள்ளை பாவம், இரண்டு வாரமாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

மிஸ்டர் லிம் பெருமூச்சு விட்டார். "ஓகே லா. டூ மோர் வீக்ஸ்."

வெளியே வந்து சொன்னதும், சலீமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏற்கெனவே கொடுத்ததோடு சேர்த்து நாலு வாரம்! தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று திரும்பிப் போய்ச் சொல்வதா...?

'கிளியர்' அடிப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் — மேனேஜருக்கு எதற்கு?